சுவர் வாசகம்

சாப்பாட்டு மணி அடித்ததும் தலைமையாசிரியை வழக்கம்போல் மாடி அறை ஜன்னலுக்கு வந்து நின்றார். கீழே ஏழெட்டுப் பிள்ளைகள், விளையாட்டைக்கூட விட்டுவிட்டு, வரிசையாக நின்று சுவரில் எழுதியிருந்த வாசகத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு மனசு குளிர்ந்துபோனது. சிரித்தபடி கையை ஆட்டினார். ஒன்றிரண்டு பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள், ஆனால் யாரும் பதிலுக்குக் கையாட்டவில்லை. படிப்பில் அவ்வளவு மும்முரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

'தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இங்கே யாரும் பயப்பட வேண்டாம். சேர்ந்தே கற்றுக்கொள்வோம்.' இதுதான் வாசகம், இதுதான் பள்ளியின் நோக்கம். ஆசிரியர்கள், பெற்றோர், வேன் டிரைவர், ஆயா என்று அத்தனை பேரும் ஓர் அறையில் கூடி உருவாக்கியது. 'பயப்பட' என்று போடுவதா, 'வெட்கப்பட' என்று போடுவதா என்று டீ ஆறிப்போகிற அளவுக்கு மல்லுக்கட்டினார்கள்.

அப்படிப் பாடுபட்டு எழுதிய வாசகம்தான் போன ஆய்வின்போது அவர் மானத்தை வாங்கியது. பார்வையிட வந்த அதிகாரியம்மா, முன்பல் விழுந்த ஒரு பொக்கைவாய்ச் சிறுமியிடம், "உங்க பள்ளிக்கூடத்தோட நோக்கம் என்ன?" என்று கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "தெரியாது" என்று சொல்லிவிட்டு வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

தலைமையாசிரியைக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அதிகாரியம்மா என்னவோ சிரித்துக்கொண்டேதான் விடைபெற்றார். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்தே இவருக்குப் பல நாள் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் அவர் சுற்றி வளைக்கவில்லை. இனிமேல் ஒரு பிள்ளைகூடத் தெரியாது என்று சொல்லக் கூடாது, என் தலை இன்னொரு முறை குனியக் கூடாது என்றார். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யாரோ இழுத்தபோது, அது உங்கள் பாடு என்று முடித்துவிட்டார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை மட்டும், "நான் பாத்துக்கறேன் மேடம்" என்றார்.

பார்த்தும் கொண்டார். மறுவாரமே பிள்ளைகள் சுவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். தானாகவே இப்படி ஓர் ஆர்வமா என்று தலைமையாசிரியை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

இன்று அதே அதிகாரியம்மா மறுபடியும் வந்திருந்தார். இந்தப் பள்ளியை மற்ற பள்ளிகளுக்கு முன்மாதிரியாக அறிவிக்கலாமா என்பதை இன்று அவர்தான் முடிவு செய்யப்போகிறார். நேராக மூன்றாம் வகுப்புக்குப் போய், அந்தப் பொக்கைவாயையே தேடிப் பிடித்தார். இப்போது அவளுக்குப் பல் முளைத்திருந்தது, சிரிப்பைத்தான் காணவில்லை.

கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அவள் கைகட்டி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். தலைமையாசிரியை அப்போதுதான் மூச்சு விட்டார். பட்ட அவமானமெல்லாம் இன்றோடு தீர்ந்தது என்று நினைத்தார்.

அதிகாரியம்மா இவர் பக்கம் திரும்பினார். "போன தடவை இவ கொஞ்சம்கூடப் பயப்படாம தெரியாதுன்னு சொன்னா பாருங்க, அப்பவே உங்க பள்ளிக்கூடம் எனக்குப் பிடிச்சுப்போச்சு. சுவத்துல எழுதினதை இவ அப்படியே செஞ்சு காட்டிட்டா. நான் திரும்பி வந்ததே அதுக்குத்தான்."

தலைமையாசிரியைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை நாள் எதற்காகக் கூனிக்குறுகினாரோ, அதற்குத்தான் பாராட்டே வந்திருக்கிறது. தலையை ஆட்டிவைத்தார்.

"ஆனா இப்ப இவ்ளோ நல்லா சொல்றியே, எப்படிம்மா கத்துக்கிட்டே?" என்று அதிகாரியம்மா சிறுமியின் தோளில் கைவைத்துக் கேட்டார்.

சிறுமி தன் ஆசிரியையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "தப்பா சொன்னா சாப்பாட்டு நேரத்துல வெயில்ல நிக்கணும். சுவத்தைப் பாத்து சரியா வர்ற வரைக்கும் சொல்லணும். எனக்கு ரொம்ப நாள் வரவே இல்ல."

மூன்றாம் வகுப்பு ஆசிரியை தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியைக்கு, அது உங்கள் பாடு என்று தான் சொன்னது காதிலேயே நின்றது. மெல்லிய குரலில் சொன்னார்.

"சத்தியமா எனக்கு இது தெரியாதும்மா."

பெரியவர்களில் ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அந்தப் பள்ளியில் வந்தது அதுதான் முதல் தடவை. அதிகாரியம்மா அவர் முகத்தைப் பார்த்தார். நம்பலாம் என்றுதான் பட்டது. சிறுமியிடம் குனிந்து, "பாவம், உங்க பெரிய டீச்சருக்குத் தெரியாதாம். இனிமே இப்படி நடக்காது, சரியா?" என்றார்.

சிறுமி குழப்பத்தோடு தலைமையாசிரியையை அண்ணாந்து பார்த்தாள்.

"தெரியுமே. நாங்க வெயில்ல நிக்கிறப்ப தினமும் மேல ஜன்னல்ல நின்னு, எங்களைப் பாத்துச் சிரிச்சுக் கையாட்டுவாங்களே."