லாரித் தண்ணீர்

“அறுபதுகள்ல நீங்க குடிச்ச தண்ணி எங்கேருந்து வந்தது?”

என் கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்வி இது. எலாடியோ சிரித்தார்.

“நாப்பது வருஷத்துக்கு முன்னாடி குடிச்ச தண்ணியக் கேக்குறீங்க டாக்டரம்மா. நேத்து குடிச்ச ஒயினக் கேட்டாலே கிழவிய பக்கத்துல வச்சுக்கிட்டு என்னால வாயத் திறக்க முடியாது.”

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி ஹோவினா சிரிக்கவில்லை.

“லாரித் தண்ணிதான்,” என்றாள் அவள். “எங்க குடிசையெல்லாம் மேட்டுல. குழாய் அங்க ஏறவே இல்ல. தெற்கே ஏதோ கிணத்துலேருந்து லாரி வரும். தகர டின்ல பிடிச்சு வைப்போம்.”

“குழாய்த் தண்ணி குடிச்சதே இல்லையா?”

“ஒரு சொட்டு கூட இல்ல.”

எழுதிக்கொண்டேன்.

வாரத்தில் ஐந்து நாள் நான் அறுவை செய்கிறேன். சனிக்கிழமை காலையில் கேள்வி கேட்கிறேன். அந்தக் காலத்தில் மலையிலிருந்து எங்கள் துறைமுகத்துக்குக் குழாயில் இறங்கிய ஆற்றுநீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ஊரே குடித்தது. இத்தனை வருடம் கழித்து அது சிறுநீர்ப்பையிலும் சிறுநீரகத்திலும் புற்றுக்கட்டியாக வருகிறது. புராஸ்டேட் சுரப்பியில் வருவதும் அதனால்தானா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தண்ணீரைக் குடித்த ஒவ்வொருவரையும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகச் சோதிக்க வேண்டும் என்று அரசிடம் கேட்கத்தான் இந்தத் தாள்கள். குழாய்த் தண்ணீரையே தொடாத ஒருவருக்கும் இதே நோய் வருகிறதென்றால், என் வாதம் அந்த அளவுக்குச் சரிகிறது.

எலாடியோவின் தாள் அப்படித்தான் இருந்தது. வியாழக்கிழமை அவருடைய சிறுநீர்ப்பையை முழுவதுமாக எடுக்கப் போகிறேன்.

அறுவைச் சீட்டில் முத்திரை வாங்க ஹோவினா கீழே போனாள். கதவு சாத்தியதும் எலாடியோ என் மேசைமேல் குனிந்தார்.

“லாரின்னு எழுதிட்டீங்கள்ல? அத மாத்திடாதீங்க.”

“ஏன் மாத்தணும்?”

அவர் கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்.

அப்போது அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஹோவினா கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தாள். அந்த வீட்டில் குழாய் இருந்தது. சாயங்காலம் அவர் மேடேறுகிற நேரத்தில் பின்சுவருக்கு மேலே ஒரு ஜாடி நீளும். எலுமிச்சை பிழிந்த தண்ணீர். ஆறு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் விட்டதில்லை. அதற்கப்புறம்தான் கல்யாணம்.

“மேட்டுல என்கூட இருந்தவனுங்க ஒருத்தனுக்கும் இது வரல. எனக்கு மட்டும் வந்திருக்கு. ஏன்னு அவ யோசிச்சிடக் கூடாது டாக்டரம்மா.”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

சிறுநீர் மாதிரி வேண்டும் என்று நர்ஸ் வந்து ஒரு புட்டியைக் கொடுத்தாள். எலாடியோ அதை எடுத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்த கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவருக்கு நேரமாகும். சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

ஹோவினா சீட்டோடு திரும்பி வந்தாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். கழிவறைக் கதவைப் பார்த்தாள். உட்காரவில்லை.

“லாரித் தண்ணின்னு எழுதினீங்களே, அத அடிச்சிடுங்க,” என்றாள் தணிந்த குரலில். “குழாய்த் தண்ணி. ஆறு வருஷம். நான்தான் குடுத்தேன்.”

“உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?”

“ரெண்டாவது பையன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான். ஆத்துத் தண்ணியப் பத்தி ரேடியோல சொன்னாங்க. கிழவரு எந்திரிச்சுப் போயி நிறுத்துனாரு. என் காதுல விழலன்னு நெனச்சுக்கிட்டாரு. இருபது வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காரு, இருக்கட்டும்.”

அடித்தேன். மேலே திருத்தி எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“இதே மாதிரி தாள் இன்னொண்ணு இருக்கா?”

“யாருக்கு?”

ஹோவினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே கப்பல்கள் வரிசையில் காத்து நின்றன.

“ஈஸ்டர்லேருந்து எனக்கும் ஒண்ணுக்குல ரத்தம் போகுது. இப்ப ஒண்ணும் பாக்க வேணாம். தெரிஞ்சா வியாழக்கிழமை அவரு உங்க மேசையில ஏறிப் படுக்க மாட்டாரு. முதல்ல அவருது முடியட்டும்.”

அது நவம்பர் மாதம். ஏழு மாதத்தில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தாள்களில் நாங்கள் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான். எலாடியோவினுடையது நானூற்றுப் பன்னிரண்டு. புதுத் தாள் ஒன்றை எடுத்து அதன் தலையில் நானூற்றுப் பதிமூன்று என்று எழுதினேன்.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“இவ்வளவு நேரமா கிழவரே?” என்றாள் ஹோவினா, திட்டுகிற குரலில். “பொம்பளைங்க தோத்துடுவோம் உங்ககிட்ட.”