ராஜா எங்கே இருப்பார்?

"இன்னா பாடம்?" என்று மகளைக் கேட்டாள் திலகவதி.

"ஐரோப்பா கோட்டைம்மா. நாளைக்கு டெஸ்ட்டு" என்றாள் இளமதி. "கோட்டைக்கு நடுவுல பெரிய கோபுரம் ஒண்ணு இருக்கும். எதிரி மதில் தாண்டி வந்துட்டா எல்லாரும் அதுக்குள்ள பூந்துக்குவாங்க."

"செவுரு?"

"தடியா இருக்கும். ஒரே கதவு. சாப்பாடு, தண்ணி எல்லாம் உள்ள ரெடியா வெச்சிருப்பாங்க."

"ராஜா எங்க இருப்பாரு?"

"அவரும் உள்ளதான்."

திலகவதி கதவைத் திரும்பிப் பார்த்தாள். "தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"புக்குல இல்லம்மா."

"உள்பக்கந்தான் இருக்கும். நீ படி."

இளமதி பிஸ்கட்டைக் கடித்தபடி, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினாள்.

கதவில் மறுபடியும் உதை விழுந்தது. கடம்பத்தூரில் இந்த வீட்டைக் கட்டும்போது, வாசலுக்குப் பிளைவுட் போதும், பாத்ரூமுக்கு இரும்புக் கதவுதான் வேண்டும் என்று திலகவதி ஒற்றைக்காலில் நின்றாள். மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது என் ஊடுடி! தொற!" வெளியே குணாவின் குரல் குழறியது.

பிறகு சத்தம் நின்றது.

"அப்பா தூங்கிட்டாராம்மா?"

"இன்னும் கொறட்ட வரல. அடுத்த பாடம் எடு."