தலைப்புக்கு ஒரு சொல்

"அடிச்சது யாருன்னே தெரியாம எந்த வார்த்தையப் போடுறது, உஸ்தாத்?"

முதஹர் கேட்டுவிட்டுப் பேனா மூடியைக் கடித்தான். பத்திரிகை ஆசிரியர் அப்துல்கவி கன்னத்தில் அதக்கிய காத் என்ற போதை இலையை நிதானமாக மென்றுகொண்டிருந்தார். மணி மூன்றரை. நான்குக்கு முதல் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

தலைநகரின் ஒரே ஆங்கில நாளிதழ் அது. தூதரகக்காரர்களைத் தவிர யாரும் படிப்பதில்லை. அவர்கள் படிக்கிறார்கள் என்பதாலேயே படைத் தலைமையகம் ஒவ்வொரு சொல்லாகப் படித்தது.

சுவரில் அப்துல்கவி கைப்பட எழுதி ஒட்டிய அட்டவணை. எதிரி அடித்தால் 'ஆன்ஸ்லாட்'. கொடூரம், வெறி, கண்மண் தெரியாத பாய்ச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். நாம் அடித்தால் 'ஆபரேஷன்'. நாம் கொஞ்சம் அதிகமாகவே அடித்துவிட்டால் 'ரெஸ்பான்ஸ்'. வெறும் 'அட்டாக்' தெருநாய்க்கும் நெஞ்சுவலிக்கும் மட்டும்.

முதஹருக்கு முன்பு தலைப்பு போடும் நாற்காலியில் இருந்த ஹிஸாம், நம் படை அடித்த அடிக்கு 'ஆன்ஸ்லாட்' என்று தலைப்பு வைத்துவிட்டான். எட்டு மாதமாக அவன் மனைவி சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள்.

"முக்பில் என்னதான் சொன்னான்? இன்னொரு தடவ படி" என்றார் அப்துல்கவி.

முக்பில் எல்லைப்புற நிருபர். அவன் செய்தி எப்போதும் தொலைபேசியில்தான் வரும், பாதி வரும்.

முதஹர் படித்தான். "'விடியும்போது கிழக்கேருந்து வந்தது. வானமே இருண்டுபோச்சு. வாதி ஹஜ்லா பள்ளத்தாக்குல மூணு கிராமமும் காலி. வயல்ல ஒரு தழை மிச்சமில்ல. ஜனங்க கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடக்காங்க.' முதல் வரி கேக்கல, உஸ்தாத். அப்புறம் லைனும் செத்துப்போச்சு."

"வானம் இருண்டுச்சுன்னா விமானப்படைதான்."

"நம்மகிட்ட பறக்குறது மொத்தம் ரெண்டு. அவங்ககிட்ட ஒண்ணு. வானம் எப்படி இருளும்?"

"புகையா இருக்கும். கிழக்கே இப்ப யாரு இருக்காங்க?"

"போன வாரம் அவங்க. இந்த வாரம் யாருன்னு நாம இன்னும் அச்சடிக்கல."

அப்துல்கவி முறைத்தார். "இந்த வாயிதான் ஹிஸாமுக்கும் இருந்துச்சு."

முதஹர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். வீட்டில் மகள் இந்நேரம் பள்ளியிலிருந்து வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். ஹிஸாமுக்கும் ஒரு மகள்தான்.

கடைசியில் அப்துல்கவியே தலைமையகத்துக்குத் தொலைபேசி போட்டார். கர்னல் ரஸ்ஸாமின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வாதி ஹஜ்லாவா? என்ன ஆச்சு அங்க?"

"அதத்தான் ஐயாகிட்ட கேக்கலாம்னு..."

"சேதம் எவ்வளவு?"

"மூணு கிராமம், ஐயா. ஒரு தழைகூட மிச்சமில்லையாம்."

"எதிர்த்து நின்னாங்களா?"

"யாராலயும் முடியலயாம்."

"அப்ப நாமதான்!" கர்னலின் குரல் கம்பீரமானது. "மாசக்கணக்கா திட்டம் போட்டது. நானே முன்னால நின்னு நடத்தினேன். என் பேரு முதல் வரியில வரணும். அப்துல்கவி, இந்தச் செய்தியில ஒரு புள்ளி தப்பா வந்தாலும் உன் ஆளு இன்னைக்கே ஹிஸாம் பக்கத்துல படுப்பான்."

முதஹர் உட்கார்ந்து விறுவிறுவென்று தட்டினான். 'கர்னல் ரஸ்ஸாம் தலைமையில் மின்னல் வேக ஆபரேஷன்.' மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பக்கம் கீழே இறங்கியது. இயந்திரம் ஓடும் அதிர்வு தரையில் தெரிந்தபோதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

நான்கு மணிச் செய்திக்காக அப்துல்கவி எதிரிகளின் வானொலியைத் திருப்பினார். "கிழக்கு முனையில், வாதி ஹஜ்லாவில், நமது வீரர்கள் இன்று விடியலில் மாபெரும் வெற்றி..."

"பாரு, பாரு! நம்ம கர்னல் பட்ட கஷ்டத்துக்கு இவனுங்க பேரு வாங்கப் பாக்குறானுங்க!" அப்துல்கவிக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "வெக்கங்கெட்டவனுங்க."

தொலைபேசி அலறியது. முதஹர் எடுத்தான். முக்பில்.

"உனக்கு இனிமே கவலையில்லப்பா. யாரு அடிச்சாங்கன்னு தலைமையகமே சொல்லிடுச்சு. கர்னல் பேரோட அச்சுல ஓடிக்கிட்டிருக்கு" என்றான் முதஹர் சிரித்துக்கொண்டே.

"கர்னலா? எந்தக் கர்னல்?" என்றான் முக்பில். "யா முதஹர், வந்தது வெட்டுக்கிளிடா! காத்து இதே பக்கம் அடிச்சா நாளைக்குக் காலையில உங்க தலைக்கு மேலயே வந்து எறங்கும்."