சாயங்காலம் வரை மகள்

பழைய படகுத்துறையின் கல்படிகளைக் காட்டி, ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வந்த மூட்டைகள் எல்லாம் இந்தப் படிகளில்தான் ஏறின என்று மகளிடம் சொன்னேன்.

"அப்படியாப்பா?" என்றாள்.

அப்படித்தானா என்று எனக்கும் தெரியாது. நான் லிஃப்ட் மெக்கானிக். முந்தின நாள் ஒரு லிஃப்ட் குழிக்குள் உட்கார்ந்து, போனில் பார்த்து மனப்பாடம் செய்த சமாச்சாரம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் வரை, அவள் என் மகள். மற்ற நாளெல்லாம் அவள் அம்மா வீட்டில். அங்கே அம்மாவின் புதுக் கணவரும் இருக்கிறார். அதிர்ந்து பேசமாட்டாராம். அந்த ஆளின் பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த வாரம் நீதிபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, யாரோடு இருக்க ஆசை என்று கேட்கப் போகிறார். அவள் என்னைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு என் கையில் இருந்தது இந்த ஒரு மத்தியானம்தான்.

யோசித்து யோசித்துத்தான் ஆற்றங்கரைத் தெருவைப் பிடித்தேன். அவள் அம்மாவுக்கு மீன் வாடையே ஆகாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை கூட்டிவந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பாதித் தெருவிலேயே திரும்பிவிட்டாள். செத்தாலும் இந்தப் பக்கம் வரமாட்டாள்.

ஆக, என்னைத் தவிர வேறு யாரும் என் மகளுக்குக் காட்ட முடியாத இடம் இது. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

சுண்ணாம்பு உதிர்ந்த கிடங்குகள், நின்றுபோன கடிகாரம், மரப்பாலம் என்று ஒன்று விடாமல் விளக்கினேன். எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பாலத்தைத் தாண்டியதும் வழி தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். அவளே சட்டென்று இடதுபக்கச் சந்துக்குள் நுழைந்தாள். சந்து நேராக மீன் கடைகளின் முன்னால் கொண்டுபோய் விட்டது. பெண்ணுக்கு என் மூளை அப்படியே வந்திருக்கிறது என்று பூரித்துப்போனேன்.

ஒரு கடையில் உட்கார்ந்தோம். மீன் வறுத்துக்கொண்டிருந்த கடைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் பல்.

"வா தங்கம்! உனக்குக் காரம் போடாம, முள்ளெடுத்துத் தர்றேன். எங்க, அப்பா வரலையா இன்னைக்கு?"

அந்த அதிர்ந்து பேசாத ஆளைத்தான் கேட்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொன்னால், அழுகைதான் வந்தது.

இவர்தான் என் அப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் காத்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லக்கா, அவருக்கு வேலை."

கடைக்காரம்மா, இது யார் என்பதுபோல் கண்ணாலேயே என்னைக் காட்டினார்.

"சொந்தக்காரங்க. வெளியூர்ல இருந்து வந்திருக்காங்க. நான்தான் சுத்திக் காட்டிட்டிருக்கேன்."

மேசைக்கு அடியில் அவள் கை வந்து என் கையை இறுக்கிப் பிடித்தது. கெஞ்சுகிற பிடி.

எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா என்று கடைக்காரம்மா என்னிடம் கேட்டார்.

ரொம்பப் பிடித்திருக்கிறது, இப்போதுதான் முதல் தடவையாக வருகிறேன் என்றேன்.