பின்னால் வந்தவன்

ஒசாகாவில் வந்திறங்கிய அன்றே ஊர் சுற்றக் கிளம்பினாள் சிஹாயா. கடைவீதி வெளிச்சம் முடிந்து சந்து தொடங்கியதும்தான், பின்னால் ஒருவன் வருவதைக் கவனித்தாள். நடையை எட்டிப் போட்டாள். அவனும் எட்டிப் போட்டான்.

ஓடிப்போய், முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பிடித்தாள்.

“அக்கா, ஒருத்தன் என் பின்னாலயே வர்றான்!”

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறியது.

“பேசாம என்கூட வா. எங்க தங்கியிருக்க?”

“அடுத்த தெரு ஓட்டல்லக்கா.”

இருவரும் கைகோத்து விறுவிறுவென்று நடந்தார்கள். ஓட்டலுக்குள் நுழைந்ததும் சிஹாயா குனிந்து வணங்கினாள்.

“நீங்க மட்டும் இல்லன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்!”

அந்தப் பெண் சிஹாயாவின் கையை விடவில்லை.

“அவன் உன் பின்னால வரலம்மா. அவன் என் புருஷன். அடி தாங்காம இன்னிக்குத்தான் வீட்டை விட்டு ஓடி வந்தேன். ராத்திரி மட்டும் உன் ரூம்ல இருந்துக்கட்டுமா?”