கடைசிப் பந்தி

ஆக்னஸுக்கு மாமியார் கொடுமை என்றாலே ஆகாது. அதிலும் அடுத்த வீட்டு மாமியார் என்றால் அறவே ஆகாது.

கரையான்சாவடியில் ஒரே வீட்டில் மாடியில் ஆக்னஸ் குடும்பம், கீழே வஹீதுன்னிசா குடும்பம். மாடிப்படியில் நின்றால் கீழ்வீட்டுக் கூடம் ஜன்னல் வழியே நன்றாகத் தெரியும். ஆக்னஸ் அடிக்கடி நிற்பாள். காற்று வாங்கத்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வந்த ஆண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள் இஃபத் கறிக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தாள்.

வஹீதுன்னிசா கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இங்க இன்னா வேலை உனக்கு? ஆம்பளைங்க சாப்ட்டு எந்திரிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வராதன்னு எத்தினி தபா சொல்றது? உள்ள போ."

ஆக்னஸுக்குக் கொதித்தது. இஃபத்துக்கு ரத்தம் குறைவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அவளுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். ஆக்னஸ்தான் சொன்னாள்.

அவித்த முட்டை இரண்டை டப்பாவில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். துவைக்கிற கல்லருகே இஃபத் நின்றிருந்தாள்.

"சாப்பிடும்மா. யாராண்டையும் சொல்லமாட்டேன்."

"வேணாம் ஆன்ட்டி."

"பயந்துகினே கெடந்தா எப்படி? தாய்க்காரி ஒழுங்கா சாப்பிடலன்னா புள்ள நோஞ்சானாத்தான் பொறக்கும். உங்க மாமிக்கு இது கூடவா தெரியாது?"

"தெரியும் ஆன்ட்டி. ரூஹி அப்படித்தானே பொறந்தா."

ரூஹி இஃபத்தின் மூத்த பெண். எடை போதாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தவள். நடக்கவும் பேசவும் அவளுக்கு மற்ற பிள்ளைகளைவிட நாளாயிற்று.

"அவ வயித்துல இருந்தப்போ நான்தான் எல்லாருக்கும் பரிமாறுவேன். அவரு 'இன்னும் கறி கீதா'ன்னு கேட்டா, எனக்கு வெச்சதையும் எடுத்துப் போட்டுடுவேன். கடைசில எனக்கு ரசமும் சோறும்தான். யாரும் கேக்கல. நானும் சொல்லல."

"அதைத்தான்டி நானும் சொல்றேன்."

"ரூஹிய பெட்டியில பார்த்துட்டு மாமி அங்கயே உக்காந்து அழுதாங்க, தப்பு தன் மேலதான்னு. இந்தத் தடவை ஆம்பளைங்க வர்றதுக்கு முன்னாடியே ஆட்டுச் சுவரொட்டி, முட்டை, கீரைன்னு தட்டுல வெச்சு, நான் முடிக்கிற வரைக்கும் எதிர்லயே உக்காந்துக்கிறாங்க. பரிமாறப் போனாத்தான் திட்டு. 'உன் கையில குடுத்தா, உனக்கு ராவுக்கு எடுத்து வெச்சதையும் அள்ளிப் போட்டுடுவே'ன்னு."

இஃபத் கூடத்துப் பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

"இப்போ ஆம்பளைங்க சாப்பிடுறது, நான் சாப்பிட்ட மிச்சம் ஆன்ட்டி."

ஆக்னஸ் முட்டை டப்பாவை மூடினாள்.

அதற்குள் மாடியிலிருந்து அவள் மருமகள் நிஷா எட்டிப் பார்த்தாள். இடுப்பில் கைக்குழந்தை பாலுக்கு வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அத்தை, கொஞ்சம் சீக்கிரம் வந்து சாப்பிட்டுடுறீங்களா? நீங்க எழுந்தப்புறம்தானே நான் உக்காரணும்."