அவங்க இங்க இல்லீங்க

சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்தாள் வேன் அக்கா.

வெளியே நின்றவன் அவளுடைய முழுப்பெயரைச் சொல்லி, இருக்கிறார்களா என்று கேட்டான்.

அங்கேயே பிடிபட்டான். பள்ளிப் பிள்ளைகளும் சரி, இந்தத் தெருவும் சரி, அவளை வேன் அக்கா என்றுதான் கூப்பிடும். அப்பா வைத்த பெயரை முழுசாகச் சொல்கிறவர்கள் கடன் வசூலுக்கு வருகிறவர்கள் மட்டுமே.

"அவங்க இங்க இல்லீங்க. போன மாசமே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. நாங்க புதுசா குடி வந்திருக்கோம்."

மூன்று மாதப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் வரும். வாசலில் இருந்த பெயர்ப்பலகை பரண்மேல் கிடக்கிறது. வேன் இரண்டு தெரு தள்ளி நிற்கிறது. செருப்புகள்கூட வீட்டுக்குள்தான்.

பின்னே என்ன செய்வதாம்? வேனுக்கு இன்ஜின் மாற்ற வாங்கிய கடன். இரண்டு தவணை தவறியதும் ஆரம்பித்துவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் போன். மேல்மாடி வீட்டுக்காரரிடம் போய், உங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு திருடி குடியிருக்கிறாள் என்று சொன்னார்கள். பிள்ளைகளின் அம்மாக்களையும் ஒருவர் விடாமல் போனில் கூப்பிட்டு அதையே சொன்னார்கள்.

பிறகு ஒருவன் சிரித்த முகமாக வந்தான். சரிபார்த்துவிட்டு சாயங்காலமே தருகிறேன் என்று அவளுடைய லைசென்ஸையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். கேட்டால், பாக்கியைக் கட்டினால்தான் கிடைக்குமாம்.

திங்கட்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்வதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்த வேனை விட்டால் அக்காவுக்கும் தங்கைக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்கு அவளும் மனு எழுதிப் போட்டுப் பார்த்தாள். என் அட்டைகளைத் திருப்பி வாங்கித் தாருங்கள், என் விஷயத்தை என்னைத் தவிர யாரிடமும் பேச வேண்டாமென்று அவர்களுக்குச் சொல்லுங்கள் என்று. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

"காலைல மூணு தடவை போன் பண்ணேங்க. யாரும் எடுக்கல," என்றான் வந்தவன்.

எடுப்பாளா? தெரியாத நம்பர் எதையும் அவள் எடுப்பதில்லை. போன் பீரோவுக்குள், போர்வைகளுக்கு நடுவே கிடந்தது.

அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை. தோளில் பை. கழுத்தில் அட்டை. அட்டையாம் அட்டை! இதுவரை வந்தவர்களில் ஒருவன் தன்னைப் போலீஸ் என்றான், ஒருவன் கோர்ட் என்றான், ஒருவன் வக்கீல் என்றான். எல்லார் கழுத்திலும்தான் அட்டை தொங்கியது. யாருக்குக் காது குத்துகிறார்கள்?

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"அத அவங்ககிட்ட மட்டும்தாங்க பேசணும். கவருக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

இது புதுசு. மற்றவர்கள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்கள். இவன் குரலைத் தாழ்த்துகிறான். இவனிடம்தான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அட்டைகளை வாங்கிப் போனவனும் இப்படித்தான் தேனொழுகப் பேசினான்.

உள்ளே தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மேல்பாதியை உள்பக்கமாக மடித்து, கீழ்ப்பாதியை மட்டும் நீட்டினான். அவர்கள் இங்கே வசிக்கவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், இனி வந்து தொந்தரவு செய்ய மாட்டானாம்.

இனி வர மாட்டானா! இதைவிட வேறென்ன வேண்டும்?

எழுதிக் கொடுத்தாள். ஆனால் மடித்த பாதியில் என்ன எழவு இருக்கிறதோ, யார் கண்டது? தன் பெயரையும் போடவில்லை, தங்கை பெயரையும் போடவில்லை. வாய்க்கு வந்த ஒரு பெயரைப் போட்டாள்.

அவன் தாளைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டான். ஒட்டிய உறை ஒன்றை இடுக்கு வழியாகக் கொடுத்து, அவர்கள் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் சேர்த்துவிடச் சொன்னான். படியிறங்கினான்.

கதவைச் சாத்தியதும் தங்கை கைதட்டினாள். "அக்கா, உனக்கு சினிமால சான்ஸ் நிச்சயம்!"

வேன் அக்காவும் சிரித்தாள். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாள்! உறையைக் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனவள், அப்படியே நின்றாள்.

இவர்கள் உறையில் போட்டா கொடுப்பார்கள்? ஊரே படிக்கட்டும் என்று கதவில் பசை தடவி ஒட்டுவதுதானே வழக்கம்?

கிழித்தாள்.

மேலே குறைதீர் அலுவலகத்தின் முத்திரை. அதன் கீழே அவளுடைய மனு எண். மனுதாரர் குடியிருப்பது நேரில் உறுதியானதும், லைசென்ஸையும் அடையாள அட்டையையும் உடனே திருப்பித் தரும்படி நிறுவனத்துக்கு உத்தரவு அனுப்பப்படும். இந்த முகவரியில் அவர் இல்லையென்றால் மனு முடித்துவைக்கப்படும்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வெறுங்காலோடு படிகளில் ஓடினாள்.

அவர் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

"சார்! நான்தான் சார் அது! அந்த மனு போட்டது நான்தான்!"

அவர் வண்டியை நிறுத்தினார். அவள் கையில் கிழிந்து கிடந்த உறையைப் பார்த்தார். பையிலிருந்த தாளைப் பிரித்து, அவள் எழுதிய வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

தெருவில் யாருக்கும் கேட்காதபடி, மரியாதையாகத்தான் சொன்னார்.

"நீங்கதான் அவங்கன்னா, லைசென்ஸ், அடையாள அட்டை ஏதாவது இருந்தா காட்டுங்கம்மா."